வீட்டுக் கவலையும் சின்னப் பிள்ளைகளும்: கொரோனா காலம் பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது பால்வாடி வயதில் இருந்த பிள்ளைகள் இப்போது தொடக்கப்பள்ளியில் படிக்கிறார்கள். ஆனாலும் வேலூர், காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் எந்தப் பெற்றோர் கூட்டத்துக்குப் போனாலும் பேச்சு சுற்றிச் சுற்றி அந்த இரண்டு ஆண்டுகளுக்கே வந்து நிற்கிறது. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிறு குழந்தைகளின் வளர்ச்சி பற்றிப் பெற்றோரோடு பேசுவது என் வேலை. நான் மருத்துவர் அல்ல. மருந்து, மாத்திரை பற்றிய சந்தேகங்களை மருத்துவரிடம்தான் கேட்கவேண்டும்.

இரண்டு வயதுப் பிள்ளைக்கு வீட்டுக் கஷ்டம் என்ன தெரியும்?

வாடகை பாக்கி தெரியாது, சம்பளம் பாதியானது தெரியாது. அம்மாவின் முகம் மாறியது மட்டும் தெரியும்.

எட்வர்ட் டிரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் ஒரு சோதனை செய்தார். சில மாதக் குழந்தையின் எதிரே தாய் உட்கார்ந்து வழக்கம்போல் சிரித்துப் பேசி விளையாடுகிறாள். பிறகு, சொல்லிவைத்தபடி, சில நிமிடங்களுக்கு முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்கிறாள். திட்டவில்லை, அடிக்கவில்லை, எழுந்து போகவும் இல்லை. குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது. கையை நீட்டுகிறது, குரல் கொடுக்கிறது. ஒன்றும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, துவண்டுவிடுகிறது, அழுகிறது.

இதைப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை, பீடி சுற்றும் வீடு ஒன்று போதும். தாயின் மடியில் முறம், முறத்தில் வெட்டிய இலையும் தூளும், பக்கத்தில் நூல்கண்டு. கண் இலைமேலேயே இருந்தாலும் வாய் பிள்ளையோடு பேசிக்கொண்டிருக்கும். "அந்த நூலை எடு, அம்மாவிடம் கொடு, கீழே போடாதே, சமத்து." நாள் முழுவதும் இப்படிச் சின்னச் சின்னப் பேச்சு. 2020 ஏப்ரலில் இலை வரவில்லை, முறம் சுவரில் தொங்கியது. தாய்க்கு வேலை இல்லை, பிள்ளையோ கண்ணெதிரில். நேரம் கூடியதால் பேச்சும் கூடியிருக்கவேண்டும் அல்லவா? பல வீடுகளில் குறைந்தது. வேலையோடு வேலையாக ஓடிக்கொண்டிருந்த பேச்சு, வேலை நின்றதும் நின்றுபோனது. சும்மா இருக்கும் கையைப் பார்த்தபடி கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் மனம், "அம்மா, பாரு" என்ற குரலுக்கு எப்படித் திரும்பும்?

பிள்ளை ஓர் ஒலி எழுப்ப, பெரியவர் ஒரு பதில் கொடுக்க, மறுபடி பிள்ளை ஏதோ சொல்ல என்று நடக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் முதல் சில ஆண்டுகளில் மூளையின் இணைப்புகள் உறுதிப்படுகின்றன. அது ஒரு நாள் நின்றால் ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் மெலிந்துபோனால் பிள்ளையின் தூக்கத்திலும் பேச்சிலும் முரண்டிலும் தெரியவரும்.

நாங்கள் பயந்தது நோய்க்குத்தான். பணத்தை ஏன் இதில் இழுக்கிறீர்கள்?

நோய்ப் பயம் அலை அலையாக வந்து போனது. பணக் கவலை போகவில்லை.

1980களில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் விவசாயிகள் கடனில் மூழ்கினார்கள். அந்தக் குடும்பங்களை ராண்ட் காங்கரும் அவருடைய குழுவினரும் தொடர்ந்து ஆராய்ந்து ஒரு பாதையைக் கண்டார்கள். பண நெருக்கடி பெற்றோரின் மனத்தைச் சோர்வாக்குகிறது. சோர்வு கணவன் மனைவிக்குள் சண்டையாகிறது. இரண்டும் சேர்ந்து பிள்ளைகளிடம் காட்டும் கடுமையாகவோ கண்டுகொள்ளாமையாகவோ மாறுகின்றன. கடைசியில் பிள்ளையின் மனம் அடிபடுகிறது. காங்கர் பார்த்தவர்கள் வளரிளம் வயதுப் பிள்ளைகள். 2020 ஏப்ரலில் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஃபிஷர் தலைமையில் தொடங்கிய 'ராபிட்' என்ற கணக்கெடுப்பு, சின்னக் குழந்தைகள் உள்ள அமெரிக்கக் குடும்பங்களைப் பெருந்தொற்று நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்தடுத்துக் கேட்டது. அங்கும் அதே வரிசை: வீட்டில் அத்தியாவசியச் செலவுக்குத் தட்டுப்பாடு, அதன்பின் பெற்றோருக்கு மன உளைச்சல், அதன்பின் பிள்ளைக்குப் பயமும் முரண்டும். மனம்விட்டுப் பேச ஆள் இருந்த பெற்றோரிடம் இந்தப் பாதிப்பு குறைவாகவே தெரிந்தது.

நம் பக்கத்தில் இதே வரிசை ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளின் மூடிய கதவில் தொடங்கியது. குடியாத்தத்தில் லுங்கி நெய்தவர்கள், தீப்பெட்டி வேலைக்குப் போனவர்கள், தோல் பதனிடும் ஷாப்புகளில் கூலி வாங்கியவர்கள் என்று எல்லோருக்கும் ஒரே வாரத்தில் வரவு நின்றது. அதற்குமேல் குழுக் கடன். 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி தவணைகளைத் தள்ளிவைக்க அனுமதி கொடுத்தது, பிறகு அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. தவணைதான் நின்றது, வட்டி நிற்கவில்லை. தெருவில் வண்டிச் சத்தம் கேட்டாலே வசூலுக்கு வந்துவிட்டார்களோ என்று உள்ளே போய் நின்றுகொண்ட தாயைப் பார்த்து, தானும் கதவுக்குப் பின்னால் ஒளியக் கற்றுக்கொண்டான் ஒரு மூன்று வயதுப் பையன். யாரைக் கண்டு ஒளிகிறோம் என்று அவனுக்குத் தெரியாது.

தமிழக அரசு அரிசி அட்டைதாரர்களுக்கு 2020 ஏப்ரலில் 1,000 ரூபாயும், 2021 மே, ஜூன் மாதங்களில் இரண்டு தவணையாக 4,000 ரூபாயும் கொடுத்தது. அதைக் குழந்தைகள் மனநலத் திட்டம் என்று யாரும் அழைக்கவில்லை. என்னைக் கேட்டால், அந்த ஆண்டுகளில் சின்னப் பிள்ளைகளுக்குக் கிடைத்த நேரடியான மனநல உதவி அதுதான். போதுமானதாக இருந்ததா என்பது வேறு கேள்வி.

நிறுத்தியிருந்த பழக்கமெல்லாம் திரும்ப வந்துவிட்டது. படுக்கையை நனைக்கிறாள், விரல் சூப்புகிறாள். இது மனக்கவலையா?

இருக்கலாம். மனம் கலங்கிய சின்னப் பிள்ளை தாண்டிவந்த படியில் மறுபடி இறங்கி நிற்பது வழக்கம்தான். படுக்கை நனைதல், மழலைக்குத் திரும்புதல், இடுப்பைவிட்டு இறங்க மறுத்தல், நடு இரவில் அலறி எழுதல், காரணம் தெரியாத வயிற்று வலி, கொடுத்ததையெல்லாம் துப்புதல் என்று பல வடிவங்களில் இது வரும். பொம்மைக்கு முகக்கவசம் கட்டி மூக்கில் குச்சி விட்டு டெஸ்ட் எடுத்த பிள்ளைகள் உண்டு. அது கவலைப்படவேண்டிய விஷயமே அல்ல. தனக்குப் புரியாததைப் பிள்ளை விளையாடித்தான் புரிந்துகொள்கிறது.

ஆனால் உலர்ந்திருந்த பிள்ளை மறுபடி நனைத்தால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. நீர்த்தாரைத் தொற்று இருந்தாலும் இப்படி ஆகும். மிளகாய், உப்பு சுற்றிப் போடுவதிலும் தர்காவில் மந்திரிப்பதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த ஐந்து நிமிடமாவது வீடு முழுக்க அந்தப் பிள்ளையையே கவனிக்கிறது. அதோடு முடித்துக்கொண்டு பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் தவறு.

உறவுக்காரர்கள் முன்னால் பாயைத் தூக்கிக் காட்டி வெட்கப்படுத்தாதீர்கள். இரவில் ஒருமுறை எழுப்பிக் கூட்டிப்போங்கள். ஒரு மாதம் ஆகியும் குறையவில்லை என்றாலோ, சாப்பாடும் தூக்கமும் சேர்ந்து கெட்டாலோ மருத்துவரிடம் போகவேண்டும்.

அடித்துவிட்டேன். பிறகு நானே அழுதேன். பிள்ளை மனத்தில் அது நிற்குமா?

இந்தக் கேள்வி கூட்டத்தில் வராது. கூட்டம் கலைந்தபின், செருப்பு மாட்டும் இடத்தில், குரலைத் தாழ்த்திக்கொண்டு வரும்.

ஒரு நாள் அடித்ததால் பிள்ளை கெட்டுப்போவதில்லை. அதற்காக அடிப்பது சரி என்றும் ஆகாது. அடி வழக்கமான வீட்டில் பிள்ளை பயத்தைத்தான் கற்கிறது, ஒழுக்கத்தை அல்ல. இதை உலகெங்கும் ஆய்வுகள் ஒரே குரலில் சொல்கின்றன. அடித்தபின் என்ன நடக்கிறது என்பதில்தான் நிறைய இருக்கிறது. பெரும்பாலும் நம் வீடுகளில் அழுத பிள்ளைக்குப் பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் கிடைக்கும், அடித்ததைப் பற்றி ஒரு சொல் கிடைக்காது. அந்தச் சொல்லையும் கொடுங்கள். "அம்மாவுக்குக் கோபம் வந்தது. உன்னை அடித்தது தப்பு. நீ தண்ணீரைக் கொட்டியதற்காக மட்டும் அம்மா கோபப்படவில்லை, வேறு கவலையும் இருந்தது." மூன்று வயதுக்கு இது புரியும். வீட்டில் நடக்கும் கெட்டதுக்கெல்லாம் தான்தான் காரணம் என்று நினைத்துக்கொள்ளும் வயது அது. கடைசி வாக்கியம் அதற்காகத்தான்.

கை ஓங்குகிறது என்று தெரிந்தவுடன் பிள்ளையைப் பத்திரமான இடத்தில் விட்டுவிட்டு வாசலுக்குப் போய் நில்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். தினமும் கை ஓங்குகிறது என்றால் உங்களுக்கு உதவி தேவை என்று பொருள். எங்கே கிடைக்கும் என்பது கீழே இருக்கிறது.

பிரசவம் ஆன புதிதில் ஊரடங்கு வந்தது. குழந்தையைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நான் கெட்ட தாயா?

இல்லை. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு ஒரு நோய். அதை நம் ஊரிலேயே அளந்திருக்கிறார்கள். வேலூரை அடுத்த கணியம்பாடி ஒன்றியத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவர்கள் கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் பார்த்து நடத்திய ஆய்வு 2002இல் வெளியானது. புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். ஒன்பது பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். யாருக்கு அதிகம் வந்தது என்பதைப் படித்தால் மருத்துவக் கட்டுரை படிப்பதுபோலவே இருக்காது, நம் தெருவைப் பற்றிப் படிப்பதுபோல் இருக்கும். வருமானம் குறைந்தவர்கள், ஆண் பிள்ளையை எதிர்பார்த்திருக்கையில் பெண் பிறந்தவர்கள், மாமியாரோடும் பெற்றோரோடும் ஒத்துப்போகாதவர்கள், கர்ப்ப காலத்தில் பெரிய துன்பத்தைக் கண்டவர்கள், கைக்கு உதவி இல்லாதவர்கள்.

அந்தக் கடைசிக் காரணத்தைக் கவனியுங்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம்முடைய பெரிய பாதுகாப்பு. 2019 நவம்பரில்தான் வேலூர் மாவட்டத்திலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. சில மாதத்தில் ஊரடங்கு. காட்பாடியில் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்கு ஆம்பூரிலோ வாலாஜாபேட்டையிலோ இருந்த தாய்வீடு, திடீரென்று மாவட்ட எல்லைக்கு அப்பால் போய்விட்டது. போக பாஸ் வேண்டும். குழந்தையைக் குளிப்பாட்ட, பத்தியச் சாப்பாடு போட, "நீ தூங்கு, நான் வைத்திருக்கிறேன்" என்று சொல்ல வரவேண்டிய அம்மாவால் வரமுடியவில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை, தூக்கமின்மை, குழந்தைமேல் ஒட்டுதல் இல்லாமை, "நான் இல்லாவிட்டால் நல்லது" என்ற எண்ணம் இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். தடுப்பூசிக்கு வரும் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் சொன்னால்கூடப் போதும், அவர் வழிகாட்டுவார். பாலூட்டும் தாய்க்கும் கொடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். "தைரியமாக இரு" என்று சொல்வதை நிறுத்திவிட்டு இரவில் ஒருமுறை குழந்தையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அவரும் வீட்டில்தான் இருந்தார். ஆனால் இருந்து என்ன?

காட்பாடியிலும் ஜோலார்பேட்டையிலும் விடிவதற்கு முன் ரயில் ஏறிச் சென்னைக்கு வேலைக்குப் போய், பிள்ளை தூங்கியபின் வீடு திரும்பும் அப்பாக்கள் ஏராளம். ரயில் நின்றதும் அவர்கள் பகலில் வீட்டில் இருந்தார்கள். சில வீடுகளில் அது பெரிய நன்மை. அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே திரிந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அம்மா துவண்டு கிடந்த நாளிலும் பேச்சுக்குப் பதில் பேச ஒருவர் இருந்தார்.

வேறு சில வீடுகளில் வேலையில்லாத ஆணின் அவமானம் கோபமாக வெளியே வந்தது. 2020 மே 7 அன்று மதுக்கடை திறந்தபோது வரிசையில் நின்றவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்துச் சிரித்தார்கள். அன்று மாலை அந்த வீடுகளில் இருந்த பிள்ளைகளைப் பற்றி அதிகம் பேசவில்லை. அடிதடி இருக்கும் வீட்டில் பிள்ளைக்குத் தனியாக எந்த ஆலோசனையும் பலிக்காது. முதலில் அடி நிற்கவேண்டும். பெண்களுக்கான 181 எண் எந்நேரமும் இயங்குகிறது.

அப்பாக்களுக்குப் பெரிய பட்டியல் எதுவும் வைத்திருக்கவில்லை. குளிப்பாட்டுவது, சாயங்காலம் வெளியே கூட்டிப்போவது, தூங்கவைப்பது ஆகிய மூன்றில் ஒன்றை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். "சொன்னால் செய்கிறேன்" என்பது உதவியில் சேராது. சொல்லவேண்டிய வேலை அவள் தலையிலேயே இருக்கிறது.

தாத்தா இறந்ததை நான்கு வயதுப் பேரனிடம் எப்படிச் சொல்வது?

பெருந்தொற்றில் மரணம் வழக்கப்படி நடக்கவில்லை. தாத்தா 108 வண்டியில் ஏறிப் போனார், திரும்பவில்லை. உடல் வீட்டுக்கு வரவில்லை, பறை இல்லை, பந்தல் இல்லை. கூடி அழ யாரும் வரவில்லை. பெரியவர்களுக்கே நம்பமுடியவில்லை என்றால் பிள்ளைக்கு எப்படிப் புரியும்? ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கு இறப்பு என்றால் திரும்பாதது என்று பிடிபடுவது கடினம். "எப்போது வருவார்?" என்று அடுத்த நாளும் கேட்கும், அடுத்த வாரமும் கேட்கும். அது பிடிவாதம் அல்ல.

"தூங்குகிறார்" என்று சொன்னால் பிள்ளை தூங்கப் பயப்படும். "ஊருக்குப் போயிருக்கிறார்" என்றால் வாசலில் காத்திருக்கும், பிறகு தன்னிடம் சொல்லாமல் போனவர்மேல் கோபப்படும். "ஆஸ்பத்திரிக்குப் போனார், செத்துப்போனார்" என்று மட்டும் சொன்னால் அடுத்தமுறை உங்களுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரி என்றதும் நடுங்கும். சொல்லவேண்டியது நேரானது: "தாத்தா உடம்புக்கு ரொம்ப முடியாமல் போனது. டாக்டர்கள் முயற்சி செய்தார்கள். உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது. இறந்துவிட்டார். இனி வரமாட்டார். எங்களுக்கும் அழுகை வருகிறது. நீ ஏதும் செய்ததால் இப்படி ஆகவில்லை." சாமியிடம் போனார் என்பது உங்கள் நம்பிக்கையானால் அதையும் சேர்த்துச் சொல்லலாம், முன்னால் சொன்னவற்றுக்குப் பதிலாக அல்ல.

அன்று விட்டுப்போன சடங்கைப் பிறகு செய்வதிலும் தவறில்லை. படத்துக்கு மாலை போடும்போது ஒரு பூவைப் பிள்ளை கையில் கொடுங்கள். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதும்போது பக்கத்தில் உட்காரவையுங்கள். பிள்ளை நடுவில் எழுந்து விளையாடப் போய்விட்டால் விடுங்கள். அந்த வயதில் துக்கம் அப்படித்தான் விட்டுவிட்டு வரும்.

தாய், தந்தை இருவரையும் கொரோனாவில் இழந்த பிள்ளைகளுக்கு 5 லட்சம் ரூபாயும், ஒருவரை இழந்தவர்களுக்கு 3 லட்சமும் தமிழக அரசு 2021 மே மாதம் அறிவித்தது. பெயர் விடுபட்டுப்போனதாக நினைப்பவர்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்கலாம்.

கைபேசியைக் கொடுத்துத்தான் சமாளித்தோம். தப்பா?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: இரண்டு வயது நிரம்பும்வரை திரை வேண்டாம், நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டவேண்டாம். ஊரடங்கில் இதைக் கடைப்பிடித்த வீடு எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. ஷீட் போட்ட ஒற்றை அறையில், காய்ச்சலில் கிடந்துகொண்டு, பிள்ளையை அரை மணி நேரம் ஓரிடத்தில் உட்காரவைக்க வேறென்ன இருந்தது? அதற்காக இன்னும் குற்றவுணர்ச்சி வேண்டாம்.

இன்றும் சோற்றுக்குக் கைபேசி, தூக்கத்துக்குக் கைபேசி என்றால் அதை மாற்றவேண்டும். முதலில் சாப்பாட்டு வேளையில் மட்டும் நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாள் சாப்பாடு குறையும், பிறகு பசி தன் வேலையைச் செய்யும். பெரியவர்களும் அந்த நேரம் கைபேசியைக் கீழே வைக்கவேண்டும் என்பதுதான் இதில் கஷ்டமான பகுதி. ஊரில் இருக்கும் ஆயாவோடு வீடியோவில் பேசுவதை இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டாம்.

நாளெல்லாம் வீட்டுக்குள் அடைந்திருக்கும் பிள்ளையை என்ன செய்வது?

வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் மதியம் ஷீட் வீட்டுக்குள் பிள்ளை முரண்டு பிடித்தால் பாதிக் காரணம் சூடு. இரண்டாவது முறை குளிப்பாட்டிப் பாருங்கள், பல சண்டைகள் அங்கேயே முடிந்துவிடும். ஓட்டம் எல்லாம் காலை ஏழரைக்குள்ளும் மாலை ஐந்துக்குப் பிறகும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு நாளில் மூன்று மணி நேர உடல் அசைவும், பகல் தூக்கத்தையும் சேர்த்துப் பத்து முதல் பதின்மூன்று மணி நேரத் தூக்கமும் வேண்டும்.

விளையாட்டுச் சாமான் வாங்கவேண்டாம். வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். கீரை ஆய்வது, துணி மடிப்பது, வேர்க்கடலை உரிப்பது எல்லாம் கைக்கும் பேச்சுக்கும் நல்ல பயிற்சி. ஓர் எச்சரிக்கை: உரிப்பதோடு சரி. நான்கு வயதுக்குள் முழுக் கடலையை வாயில் போடவிடாதீர்கள், மூச்சுக்குழாயில் சிக்கும். அந்த வயதுக்குக் கடலையை இடித்துக் கொடுக்கவேண்டும்.

ஐந்து வயதுக்குள் முகக்கவசம் தேவையா?

தேவையில்லை என்றே 2021இல் இந்திய சுகாதாரத் துறையின் வழிகாட்டுதலும் சொன்னது. பெரியவர்கள் போட்டுக்கொள்வதுதான் அந்த வயதுக்குப் பாதுகாப்பு.

பேச்சு தாமதமானது கொரோனாவால்தானா?

தெருவும் பால்வாடியும் உறவினர் வருகையும் இல்லாமல் வளர்ந்த பிள்ளைக்குச் சொற்கள் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் கொரோனா கணக்கில் எழுதிவிடும் பழக்கம் ஆபத்தானது. "கொரோனாப் பிள்ளை, தானாகப் பேசிவிடும்" என்று காத்திருந்து, நான்கு வயதில் காது கேட்கவில்லை என்று கண்டுபிடித்த குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு வயதில் பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கவேண்டும். பதினாறு மாதத்தில் சில தனிச் சொற்கள் வரவேண்டும். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேண்டாம்" என்று இரண்டு சொல் சேரவேண்டும். இல்லையென்றால் முதலில் காது பரிசோதனை. வந்த சொல் மறைந்துபோனாலோ, கண்ணைப் பார்க்காவிட்டாலோ உடனே காட்டுங்கள். அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை மருத்துவக் குழு வரும். அன்று பிள்ளையைக் கட்டாயம் கூட்டிப்போங்கள்.

அந்த இரண்டு ஆண்டு பாழாகிவிட்டது. இனி ஈடுகட்ட முடியுமா?

முடியும். சிறு வயது மூளை அடியையும் விரைவில் வாங்கும், ஆறுதலையும் விரைவில் வாங்கும். நிலையான ஒரு பெரியவர், நேரத்துக்குச் சாப்பாடு, விளையாடச் சில பிள்ளைகள், இவை கிடைத்தபின் தேறிய பிள்ளைகளே அதிகம்.

ஆனால் ஒரு கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது, 2021 அக்டோபரில் தன்னார்வலர்கள் மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கும் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தது. இல்லம் தேடிக் கல்வி ஒன்றாம் வகுப்பிலிருந்துதான். அதற்குக் கீழே இருந்தவர்களுக்கு அங்கன்வாடியிலிருந்து வீட்டுக்கு வந்த சத்துமாவு மட்டுமே மிச்சம். நர்சரி, எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் 2022 பிப்ரவரி 16 அன்றுதான் திறந்தன. கடைசியாகத் திறந்தது மிகச் சின்னவர்களின் கதவு.

வேலைக்குப் போகும் தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்கவேண்டும் என்பது 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டத்திலேயே வந்துவிட்டது. ஷூ கம்பெனியில் காப்பகம் எங்கே என்று கேட்பது சலுகை கேட்பதாகாது.

உதவிக்கு எங்கே போவது?

பேசவேண்டும் என்றால் 14416, அரசின் இலவச மனநல எண், தமிழிலும் பேசலாம். 104 பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு. பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098. நேரில் என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அல்லது பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையம். பாகாயம் என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. "அங்கேயா போனாய்?" என்ற கேள்விக்குப் பயந்தே பலர் போவதில்லை. நோயாளியோடு குடும்பத்தார் ஒருவரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுப்பது அங்கே பல பத்தாண்டுகளாக இருக்கும் வழக்கம். பிள்ளையைப் பிரித்து அடைத்துவைப்பார்கள் என்ற பயம் வேண்டாம். இரண்டும் தொலைவு என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தொடங்குங்கள்.

மகனுக்கு ஏழு வயது. இன்னும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறான். கொரோனாவின் மிச்சமா இது?

நம் வீடுகளில் ஏழு வயதில் தனி அறையில் தூங்கும் பிள்ளை எத்தனை பேர்? பாயில் வரிசையாகப் படுத்து வளர்ந்தவர்கள்தான் நாம் எல்லோரும். பகலில் பள்ளிக்குப் போகிறானா, கூட்டாளிகளோடு விளையாடுகிறானா, சாப்பிடுகிறானா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் முந்தானையைப் பற்றிக் கவலைப்படவேண்டாம். காலையில் பள்ளி என்றதும் வாந்தி வருகிறது, நீங்கள் கடைக்குப் போனால்கூட மூச்சு வாங்க அழுகிறான் என்றால் அது வேறு. அடுத்த வாரமே யாரிடமாவது காட்டுங்கள்.